சரத் வாங்கிய கீபோர்டு

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் கோரமண்டல் லைனில் வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். அதனால் சத்தம் போடும் எதையும் பக்கத்து வீட்டைக் கேட்காமல் வாங்கமாட்டோம். மிக்ஸியாக இருந்தாலும் ஒருமுறை ஓட்டிக் காட்டி, "இன்னா, ரொம்ப கேக்குதா?" என்று விசாரித்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வோம். இந்த மரியாதையால் கெட்டவன் சரத். கெடுத்தவன் பெயரையும் சொல்லாமல் விடமாட்டேன். பக்கத்து வீட்டு ரூபேஷ்.

சரத்தின் தாத்தா சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். இவன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து போனில் ஊரார் புகாரையெல்லாம் கேட்கிறான். விடிவதற்கு முன் ரயில் ஏறினால் ஊர் அடங்கிய பிறகுதான் வீடு. நானும் அதே ரயில்தான். ஒருநாள் தன் மகள் இந்துவைப் பற்றிச் சொன்னான்: "போறப்பவும் தூங்குறா, வர்றப்பவும் தூங்குறா. நின்னா எவ்ளோ உயரம் இருக்கான்னு ஞாயித்துக்கிழமைதான் தெரியுதுண்ணா."

ரூபேஷும் அதே கம்பெனிதான். வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை மேனேஜரிடம் கூட்டிப்போய், "என் தம்பி மாதிரி சார், நான் பொறுப்பு" என்று சொல்லிச் சேர்த்துவிட்டவன் சரத்.

இந்த வருஷம் கம்பெனியில் ஓர் அறிவிப்பு வந்தது. அவர்கள் டீமில் ஒருவர் மட்டும் இனி நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். விருப்பப்பட்டவர்கள் ஒரு வாரம் வீட்டிலிருந்து செய்து காட்ட வேண்டும். பேச்சுகளைப் பதிவு செய்து கேட்பார்கள். பின்னால் இரைச்சல் இருக்கக்கூடாது. சரத் பெயர் கொடுத்தான். ரூபேஷும் கொடுத்தான். "யாருக்குக் கெடச்சாலும் நம்ம லைனுக்குத்தானே மச்சான்" என்றான் ரூபேஷ். சரத்தும் அதை நம்பினான்.

சரத் வீட்டில் ஒரே ஒரு சின்ன மேஜை. அதன்மேல் ஆபீஸ் லேப்டாப், பக்கத்தில் அவனுடைய பழைய கம்ப்யூட்டர். ஞாயிற்றுக்கிழமை அதில் பள்ளித் தோழர்களோடு சேர்ந்து துப்பாக்கி கேம் ஆடுவான். அவனுக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம் அதுதான். இரண்டுக்கும் ஒரே ஒயர்லெஸ் கீபோர்டு போதும் என்று கணக்குப் போட்டான். ஆபீஸ் லேப்டாப்பில் எதையும் செருக விடமாட்டார்கள், அதற்கு புளூடூத் வேண்டும். கேமுக்கு புளூடூத் ஆகாது, அழுத்தியது தாமதமாகத்தான் போய்ச் சேரும். சுடுவதற்குள் எதிராளி சுட்டுவிடுவான், அதற்குக் கம்ப்யூட்டரில் செருகும் குட்டி ரிசீவர் வேண்டும். இரண்டும் உள்ளதாக ராபர்ட்சன்பேட்டைக் கடைக்காரர் இரண்டு கீபோர்டுகளை எடுத்துக் கொடுத்து, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரச் சொன்னார்.

ஒன்று சத்தமே போடாது. ஆனால் கேமில் விரல் அழுந்தியதா இல்லையா என்று தெரியாது. மற்றது டக் டக்கென்று விழும். கை அதில் பறந்தது. மனசு அதிலேயே ஒட்டிக்கொண்டது. ஆனாலும் போனில் பேசுகிறவர்களுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று அடிக்கிறவனுக்குத் தெரியாதே. லைன் வழக்கப்படி ரூபேஷைக் கூப்பிட்டான். சுவர் வழியாகக் கேட்டால் கணக்கில்லை என்று ரூபேஷ் போனோடு தெருக்குழாய்வரை போனான். சரத் வீட்டுக்குள் ஹெட்போனில் பேசிக்கொண்டே இரண்டிலும் அடித்துக் காட்டினான்.

"ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல மச்சான். ஒண்ணுமே கேக்கல. சொம்மா யோசிக்காத, கேமுக்கு நல்லாருக்கறதையே வெச்சுக்கோ."

வைத்துக்கொண்டான். சத்தமில்லாததைக் கடையில் திருப்பிக் கொடுத்தான்.

அந்த ஒரு வாரம் இந்து பள்ளிவிட்டு வரும்போது அப்பா கதவைத் திறந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதை சொல்ல ஆரம்பிப்பாளாம். ரயிலில் அவன் இல்லாதது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டார். "உங்க பக்கம் மழையா?" என்று வாடிக்கையாளர்களே கேட்டிருக்கிறார்களாம். நிரந்தர இடம் ரூபேஷுக்குப் போயிற்று. சரத் வீட்டுக்கு வந்ததும் முதலில் போய் ரூபேஷின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னான். என் நெட்வொர்க் சரியில்லைபோல என்று தன்னையே நொந்துகொண்டான்.

உண்மையை மமதாதான் சொன்னாள், ரூபேஷின் மனைவி. அவளுக்குச் சூது தெரியாது. ஒரு ஞாயிறு காலை சரத் வீட்டு வாசலில் நானும் அவனும் பேசிக்கொண்டிருந்தபோது அவனிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏண்ணா, அந்தச் சத்தக் கீபோர்டையா வெச்சுக்கினீங்க? அன்னிக்கு நான் குழாயாண்ட தண்ணி புடிச்சிக்கினு இருந்தேன். போன்ல தகரத்துல மழை பேஞ்ச மாதிரி கேட்டுச்சு. நான் சொல்ல வாயைத் தெறந்தேன், அவரு என் வாயைப் பொத்திட்டாரு. நீங்க திருப்பிக் குடுத்ததைத்தான் மறுநாளே இவரு வாங்கியாந்தாரு. அருமையா இருக்குதாம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. கூடவே இருந்து குழி பறிப்பது என்று சொல்வார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். போய் நாலு வார்த்தை கேட்கிறேன் என்று எழுந்தேன். சரத் என் கையைப் பிடித்து உட்காரவைத்தான். "வாணாம்ணா. பாவம், மமதாவைப் போட்டு அடிப்பான்" என்றான்.

உள்ளேயிருந்து இந்து வந்தாள், ஒரு படம் வரைந்த தாளோடு. பள்ளிவிட்டு வந்ததும் இப்போதெல்லாம் அவள் ரூபேஷ் வீட்டில்தான் இருக்கிறாள். அந்தப் படத்துக்கு வர்ணம் அடிக்கச் சொல்லிக் கொடுத்தது ரூபேஷ் அங்கிளாம்.

"ரூபேஷ் அங்கிள் தெனம் வீட்லயே இருக்காரு. நீ மட்டும் ஏம்பா போற?"

சரத் தாளை வாங்கிப் பார்த்தான்.

"நான் அவரைக் கேட்டு கீபோர்டு வாங்குனேம்மா" என்றான்.