நோரீன் மூடாமல் போன கேட்

நோரீன் டல்லக்கின் வண்டி கிளப்பும் புழுதியை டெஸ் க்ரான்ஸ் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அடையாளம் கண்டுகொள்வான். மற்றவர்கள் வண்டிக்குப் பின்னால் புழுதி வால் மாதிரி நீண்டு கிடக்கும். நோரீன் மெதுவாக உருட்டிக்கொண்டே போகிறவள். அவளுடைய புழுதி அவள் தலைக்கு மேலேயே குடை பிடித்துக்கொண்டு வரும். ஒவ்வொரு குளிர்காலமும் அந்தக் குடை அவன் மாட்டுப்பண்ணைக்குத் திரும்புகிற பாதையைத் தாண்டி, நிற்காமல் வடக்கே போகும். அன்றைக்கு டெஸ் சரியாகச் சாப்பிடமாட்டான். அவன் மனைவி ரேலின் தட்டைப் பார்த்தே கேட்பாள்.

"என்ன, அவ போயிட்டாளா?"

"எவ?"

"சரி, சாப்பிடு."

பல வருஷமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது. காரணம் ஒரு கேட்.

பண்ணையின் மேய்ச்சல் நிலத்துக்கும் உப்பு ஏரிக்கும் நடுவே கம்பிவேலி ஓடுகிறது. அதில் ஒரே ஒரு இரும்புக் கேட். ஏரி என்றால் தண்ணீர் கிடையாது. மேலே காய்ந்து வெளுத்த உப்புத் தோல், கீழே ஆளை விழுங்குகிற சேறு. சண்டை வந்த நாளில் டெஸ் ஏரிப்பக்கம் வேலி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். கேட்டைத் திறந்தபோது பின்னால் குடை பிடித்த புழுதி தெரிந்தது. நோரீன் ஒவ்வொரு வருஷமும் போல ஏரியைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு அவன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் போனால் கடைசி வண்டிக்காரர் கேட்டை மூட வேண்டும். நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அந்தப் பக்கத்தில் இது தெரியும். டெஸ் கேட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்தான்.

நோரீன் வந்தாள். கேட் திறந்திருந்தது. எந்தக் கேட்டையும் எப்படிப் பார்த்தாயோ அப்படியே விட்டுவிட்டுப் போ என்பதும் அதே குழந்தைக்குத் தெரிந்த சட்டம்தான். அவள் அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் முப்பதுக்கு மேல் பசுக்கள் அந்த வழியாக ஏரிக்குள் இறங்கிவிட்டன. பாதிக்கு மேல் சினை. வயிறு வரை புதைந்து நின்றவற்றை இழுக்க முடியவில்லை. டெஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகச் சுட்டான். பிறகு வீட்டுக்கு வந்து, முதல் நாள் சாப்பிட வந்து அங்கேயே தங்கி, சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த நோரீனிடம் கேட்டைப்பற்றிக் கேட்டான். அவள் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"திறந்திருந்துச்சு. திறந்தே விட்டேன். நான் என்ன உன் ஊர்வலத்துல வந்தவளா?"

அவன் அவளுடைய படுக்கைச் சுருளைத் தூக்கி வெளியே எறிந்தான். அவளும் அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மன்னிப்பு என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. பசுக்கள் போனது பணத்தோடு போயிற்று. அந்தச் சொல் வராதது டெஸ்ஸின் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

நோரீன் அப்படித்தான். ரயில்பாதைக் கூலிகளுக்கு முகாம் முகாமாகச் சமைத்துப்போட்டு வாழ்ந்தவள். ரயில் நின்றுபோனதும் துறைமுக ஊரில் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. புருஷன் ஒருவன் இருந்தான், பிறகு இல்லை. அதைப்பற்றி யாரும் கேட்டதில்லை, கேட்டால் பதில் எப்படி வரும் என்று தெரியும். குளிர்காலம் வந்தால் பழைய வெள்ளை வண்டியின் பின்பக்கத்தில் தண்ணீர், பெட்ரோல், இரண்டு உபரி டயர், தானே காய்ச்சிய சீமைமாதுளை ஜாம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தனியாகக் கிளம்புவாள். மாரீ என்ற ஊரில் ஒரு விதவைத் தோழி. ஓப்பல் கல் தோண்டுகிற ஊரில், பாறையைக் குடைந்து அதற்குள் வீடு வைத்திருக்கும் யாங்கோ. வழியில் வெந்நீர் ஊற்றில் ஒரு குளியல், துருப்பிடித்த ரயில் பாலத்தின் அடியில் ஒரு தூக்கம். போகிற வீட்டிலெல்லாம் ஜாமைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர்களைக் குறை சொல்வாள். காபி தண்ணியாக இருக்கிறது, நாய் கொழுத்துப்போச்சு, மருமகளுக்கு முகமே சரியில்லை. ஆனாலும் அடுத்த வருஷம் அவள் வரத் தாமதமானால் பண்ணைகளும் வண்டிகளும் பேசிக்கொள்கிற ரேடியோவில் ஆள் ஆளுக்கு விசாரிப்பார்கள்.

கூட யாரையும் ஏற்றிக்கொள்ளமாட்டாள். ஒரு வருஷம் சலவைக்கூடத்துச் சிநேகிதி ஒருத்தி ஆசைப்பட்டுக் கூட வந்தாள். முதல் பெட்ரோல் பங்கிலேயே அவளை இறக்கிவிட்டு, திரும்பிப் போகப் பேருந்து எப்போது என்று விசாரித்தும் சொல்லிவிட்டு, நோரீன் போய்விட்டாள்.

கேட் சண்டைக்குப் பல வருஷம் கழித்து, ஒரு குளிர்காலம் வடக்கே பேய்மழை. அந்தத் தண்ணீரெல்லாம் ஆற்றுப்படுகைகளில் இறங்கி வந்து ஏரியை நிரப்பியது. டெஸ்ஸின் ஆயுளில் இரண்டாவது தடவை. கூழைக்கடாக்கள் எங்கிருந்தோ ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. ஏரிக்குப் போகும் பொதுப்பாதையை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதால் டெஸ்ஸின் கேட் ஒன்றுதான் வழி. அதில் அவன் என்றோ பூட்டு மாட்டிவிட்டான்.

காலையில் டெஸ் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சுவரில் மாட்டியிருந்த ரேடியோ கரகரத்தது.

"டெஸ் க்ரான்ஸ். உன் கேட்டுல பூட்டு தொங்குது."

ரேலின் அடுப்பிலிருந்து திரும்பினாள். டெஸ் நிதானமாக எழுந்து ரேடியோவை எடுத்தான்.

"தெரியும். நான்தான் தொங்கவிட்டேன்."

"திற. நான் தண்ணியைப் பாக்கணும்."

"ஒரு வார்த்தை சொல்லு, திறக்கிறேன். தப்பு என் மேலதான்னு சொல்லு."

"உன் மேலதான்."

எங்கேயோ லாரியில் போய்க்கொண்டிருந்த ஒருவன் சிரிப்பது ரேடியோவில் கேட்டது. "யாராவது அந்தக் கேட்டைத் திறந்து தொலைங்கப்பா. நான் டயர் கடைக்காரன்கிட்ட பேசணும்," என்றான்.

டெஸ் ரேடியோவை அணைத்தான்.

நோரீன் கேட்டருகிலேயே முகாம் போட்டுவிட்டாள். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி, சாம்பலில் ரொட்டி சுட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரேலின் உப்பிட்ட இறைச்சியும் கடுகுச் சாந்தும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கண்ணு போயிட்டிருக்கு டெஸ். இடது பக்கம் ஒண்ணுமே தெரியலையாம். இந்தப் பயணம் முடிஞ்சதும் லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்களாம். இதுதான் கடைசி."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. இறைச்சியில உப்பு ஜாஸ்தின்னு சொல்லச் சொன்னா."

மறுநாள் டெஸ் நேரில் போனான். திறப்பதற்காக அல்ல. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுப்பதற்காக. நோரீன் சுருங்கிப்போயிருந்தாள். தொப்பி மட்டும் அதே தொப்பி. கேட்டின் கம்பியில் ஈரத்துணி காயப்போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"கடைசி வண்டி மூடணும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். சேர்ந்து போறவங்களுக்கு அது. தனியா போறவளுக்கு முன்னாடியும் கிடையாது, பின்னாடியும் கிடையாது."

"என் வீட்டுச் சாப்பாட்டுக்குத்தானே வந்துட்டிருந்தே?"

"என் வண்டியில வந்துட்டிருந்தேன். நீ முன்னாடி போறேன்னு யார் சொன்னா எனக்கு? நீ என் புழுதியைப் பாத்தே இல்ல?"

"பாத்தேன். அதனாலதான் விட்டேன்."

"ஒரு சிகரெட் சுருட்டுற நேரம் நின்னிருந்தா நான் வந்திருப்பேன். மூடுன்னு வாயால சொல்லியிருக்கலாம். பெரிய மனுஷன், நிக்கல."

டெஸ் வாயைத் திறந்தான். இத்தனை வருஷத்தில் இந்த இடத்தில் சொல்வதற்கென்று பல பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தான். அதில் ஒன்றை எடுத்தான்.

"பசுக்களைச் சுட்டவன் நான்," என்றான்.

"தெரியும். ஒவ்வொரு வேட்டும் கேட்டுது. அடுப்படியிலதான் உட்காந்திருந்தேன்."

அதை அவள் இதுவரை சொன்னதில்லை. சொல்லிவிட்டுத் துணியை உருவிக்கொண்டு வண்டியில் ஏறினாள். "போறேன். உன் பூட்டையே பாத்துட்டிருக்க எனக்கு நேரமில்ல."

வண்டியைப் பின்னால் எடுத்தாள். இடது பக்கம் வேலிக்கம்பம் நின்றது. வாளி மாதிரி தடித்த கம்பம். அதன் மேலேயே நேராக ஏற்றினாள். விளக்கு நொறுங்கியது. அவள் இறங்கி வந்து, கம்பத்தைத் தடவிப் பார்த்து, "இதை எப்போ இங்க நட்டே?" என்றாள். அந்தக் கம்பத்தை நட்டது டெஸ்ஸின் அப்பா.

டெஸ் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான். அது இரக்கம் என்று யாராவது சொன்னால் அவன் அடிக்க வருவான். தன் வேலியில் மிச்சக் கம்பங்களும் போய்விடுமே என்றுதான் திறந்ததாகச் சொல்வான்.

"என் வண்டியில ஏறு. ஏரிக்கரை குழகுழன்னு கிடக்கு."

"நான் யார் வண்டியிலயும் ஏறுறதில்ல."

"அப்ப என் சக்கரத் தடத்துலயே வா. ஒரு முழம் விலகினாலும் புதைஞ்சுடுவே. நான் இழுக்க வரமாட்டேன்."

"நீ வருவேன்னு யார் சொன்னா?"

அவன் கேட்டைத் தள்ளிவிட்டு முன்னால் போனான். மூடவில்லை. மூடச் சொல்லவும் இல்லை. மேட்டில் ஏறியதும் வண்டியை நிறுத்தி, இறங்காமல், கண்ணாடியில் பார்த்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் தூரத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் அப்படியே வந்துவிட்டால் திரும்பிப் போய் மூடிக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பிறகு அவளுடைய சாவுக்குக்கூடப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

வெள்ளை வண்டி கேட்டைத் தாண்டியது. நின்றது. வெகுநேரம் கதவு திறக்கவில்லை. பிறகு நோரீன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கேட்டை இழுத்துக்கொண்டு நடந்தாள். சங்கிலியைக் கம்பத்தில் சுற்றிக் கொக்கியில் மாட்டப் பார்த்தாள். மாட்டவில்லை. மறுபடி. சங்கிலி கையிலிருந்து வழுக்கியது. தொப்பியைக் கழற்றித் தரையில் வீசிவிட்டு மறுபடி. டெஸ் இறங்கவில்லை. இறங்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும், அவள் கேட்டைத் திறந்துவிட்டு வந்துவிடுவாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கடைசியில் அவள் கேட்டை ஒரு உதை உதைத்தாள். கொக்கி விழுந்தது.

ஏரிக்கரையில் இரண்டு வண்டிகளும் தள்ளித் தள்ளி நின்றன. கண்ணுக்கெட்டும் வரை தண்ணீர், அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள். பசுக்கள் செத்த இடத்தின் மேலும் தண்ணீர்தான். அவள் வலது கண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

அடுத்த குளிர்காலம் குடை பிடித்த புழுதி வரவில்லை. அதற்கடுத்த வருஷம் பாறை வீட்டு யாங்கோதான் அவள் இறந்துபோன செய்தியை ரேடியோவில் சொன்னான். ஆகவே அன்றைக்கு ஏரிக்கரையில், வண்டியில் ஏறுவதற்கு முன் அவள் அவனிடம் வந்து, சங்கிலி உரசிச் சிவந்த விரலை நீட்டிக் கேட்டதுதான் கடைசி.

"அந்தக் கொக்கியை மாத்து, டெஸ். மனுஷி மூடுற மாதிரி ஒண்ணு போடு."