மாத்திரை போட்டு நடந்த ஆடிச்சுற்று

என் வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடையில் வேலை. எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் ஜவுளிக்கடையில் நாற்காலி எல்லாம் கிடையாது. வெள்ளை விரித்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சேலையை விரித்துக் காட்ட வேண்டும். அலமாரியில் இருந்து எடுக்க எழுந்திருக்க வேண்டும், மறுபடியும் உட்கார வேண்டும். கடையையே புரட்டிப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிற பெண்களிடம்கூட முகம் சுளிக்க மாட்டார். ரசத்தில் உப்புக் குறைந்தால் வீட்டில் வந்து என்னிடம் சுளிப்பார்.

ஐம்பது வயது ஆகுமுன்பே வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது. வீங்கும், வடியும். கால் மடங்காவிட்டால் மெத்தையில் உட்கார முடியாது, உட்காராவிட்டால் வேலை இல்லை. இது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த மனுஷர் செய்ததைச் செய்தார்.

அதற்கு முந்தின வருஷம் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து திருநெல்வேலியில் ஆபரேஷன் ஆனது. இவள் பிழைத்து வந்தால் நூற்றியெட்டு ஆடிச்சுற்று வருகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அம்மனுக்கு நேர்ந்துவிட்டார். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருகிறோமே, அதுதான் ஆடிச்சுற்று. மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்திருக்கலாம், தலையில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. முழங்கால் வலிக்காரர் காலையே கொண்டுபோய் நேர்ந்தார்.

ஆடி நெருங்கியது. டாக்டர் ஐந்து நாளைக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீக்கம் வற்றி, வலி போன இடம் தெரியவில்லை. அது தீர்ந்ததும் அவராகவே மெடிக்கலில் வாங்கத் தொடங்கினார். படியேறும்போதே மாத்திரையை எடுத்து வைத்துவிடும் அளவுக்குக் கடைக்காரர் சிநேகமாகிவிட்டார்.

கொடி ஏறிய அன்றே சுற்ற ஆரம்பித்தார். சுற்றுகிறவர்களின் கால்வலியை அம்மனே வாங்கிக்கொள்வாள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

"ஏட்டி, வலியே இல்ல பாத்துக்க. அவ வாங்கிக்கிட்டா."

"காப்பி குடிச்சதும் ஒண்ணு முழுங்குதீயளே, அது என்ன, பிரசாதமா?"

"அது அதுபாட்டுக்கு, இது இதுபாட்டுக்கு."

"அப்ப மிச்சத்த நான் சுத்துதேன். ஆபரேஷன் எனக்குத்தான ஆச்சு? பொண்டாட்டி சுத்தினா அம்மன் வேண்டாம்னா சொல்லுவா?"

"நேந்தது நான்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடைக்குப் போகுமுன் கொஞ்சம், கடை அடைத்தபின் கொஞ்சம் என்று கருங்கல் தளத்தில் கூட்டத்தோடு இடிபட்டு நடந்தார். வயிறு எரிந்தது, மோர் குடித்தார். கால் லேசாக முணுமுணுத்தால் இன்னொரு மாத்திரை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எனக்காக நடக்கிற மனுஷரை எந்த வாயால் திட்டுவது? இருக்கிற ஒரே வாயால்தான் திட்டினேன். காதில் வாங்கவில்லை.

தபசுக்கு இரண்டு நாள் இருக்கும்போது முழங்கால் சுரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மாத்திரைக்கும் கேட்கவில்லை. ரிக்‌ஷாவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எலும்புக்கு நடுவுல இருக்க ஜவ்வு ரொம்பத் தேஞ்சிட்டு. அஞ்சு நாளைக்குத்தான குடுத்தேன்?"

"வலி போயிட்டுல்லா சார், அதான் நடந்தேன்."

"வலி எங்க போச்சு? மாத்திரை அது வாயப் பொத்தி வச்சிருந்திச்சு. அது கத்தியிருந்தா நீங்க உக்காந்திருப்பீங்க. அந்த மாத்திரையே மூட்டக் கெடுக்கும்னும் சில பேரு சொல்லுதாங்க, இல்லங்கவங்களும் இருக்காங்க. எனக்கு நிச்சயமாத் தெரியல. இனிமே அத தொடாதீங்க."

"கால் மடங்குமா சார்?"

"பாப்போம்" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையில் என் கேலியெல்லாம் வற்றிவிட்டது. பயமாக இருந்தது.

மீதிச் சுற்றை நான்தான் முடித்தேன். அவர் கோயில் மண்டபத்தில் தூணில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கடந்து போகும்போதெல்லாம் "மெதுவாப் போ ஏட்டி, வயித்தப் பிடிச்சிக்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நடந்த பெண்கள் நான் மாசமாக இருப்பதாக நினைத்து வழிவிட்டார்கள்.

கால் பிறகு மடங்கவே இல்லை. முதலாளி நல்லவர், வேலையைவிட்டு அனுப்பவில்லை. வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, போகிற வருகிறவர்களை உள்ளே கூப்பிடச் சொன்னார். ஸ்டூலை விட்டு எழுந்திருப்பதென்றால் இவருக்குச் சுவரைப் பிடித்தாக வேண்டும். மெத்தையில் வேறு ஆள் உட்கார்ந்து சேலை விரிப்பதை அவர் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பார். என்னால்தான் அதைப் பார்க்க முடியாது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோது தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"இன்னொரு தடவ எனக்கு ஏதாவதுன்னா இப்படிக் கிறுக்குத்தனமா நேந்துக்கிடாதீய, சொல்லிட்டேன்."

"ஏன், இப்ப உனக்கு என்ன செய்யுது?" என்று கேட்டபடி, சுவரைக்கூடப் பிடிக்காமல் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.