வந்ததற்கு நன்றி

இன்று பின்னேரம் இங்கே சுவிஸில், சோலோதுர்ன் நகரில் ஒரு புத்தகக்கடையில் ஸ்கொட்லாந்துக் கவிஞர் ஒருவர் வாசித்தார். நாவல்களும் எழுதுகிறவர். சிலரே பேசும் சிறுமொழி கொண்ட தீவொன்றில் மீனவரின் மகளாகப் பிறந்தவர். இன்றைக்கோ உள்ளே இடமில்லாமல் சனம் கதவடியில் நின்று கேட்டது.

“உங்கள் தாய்மொழியை எத்தனை பேர் வாசிப்பார்கள்?” என்று ஒருவர் கேட்டார்.

“சண்டை பிடிக்கப் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்,” என்றார். நானும் என் சிநேகிதி வசந்தியும்தான் பலமாகச் சிரித்தோம்.

பிறகு கையெழுத்துக்காக வரிசையில் நின்றேன். “யார் பெயருக்கு எழுத?” என்று கேட்டார்.

“சிவகுரு,” என்றேன்.

அது அப்பாவின் பெயர். நாங்கள் முன்னால் எழுதும் தகப்பன் பெயரை இங்கே குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். எந்த அரசாங்கக் கந்தோரிலும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கேட்டதும் வாயில் அதுவே வந்துவிட்டது.

‘சிவகுருவுக்கு, வந்ததற்கு நன்றி’ என்று எழுதித் தந்தார்.

“ஐயோ, கொப்பருக்கெல்லோ எழுதிப்போட்டா! திருத்தித் தரச் சொல்லடி,” என்றாள் வசந்தி.

“வேண்டாம், இருக்கட்டும்.”

அப்பா கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி, இங்கே வர விசாவுக்கு அலைகிறார். நேற்று ட்ரங்க் கோலில், “இந்த முறையும் மாட்டமெண்டிட்டாங்கள், பிள்ளை,” என்றார். பிறகு என் சளிக்காய்ச்சலைப் பற்றி விசாரித்தார்.

ரயிலில் அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே வந்தேன்.

அப்பா இந்த நாட்டுக்கு வந்துவிட்டார் என்று எழுத்தில் தந்த ஒரே ஆள் அந்தக் கவிஞர்தான். விசா விஷயம் பார்க்கும் வெளிநாட்டவர் பொலிஸ் இதை ஏற்றுக்கொள்ளுமோ? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.