இரத்தம் சோதிக்கப் போனேன்

கணவரை இழந்தபின் வேலணையில் தையல் வேலை செய்து மகளை வளர்த்து வருகிறேன். போர் ஓய்ந்த சமாதான காலத்தில் கொழும்புப் பாதை திறந்தபோது, கொழும்பிலிருந்து லொறியில் துணி கொண்டுவரும் ஒருவரோடு எனக்கு உறவு ஏற்பட்டது. ஆணுறை பாவிப்போம் என்று ஒருமுறை கேட்டேன். "ஏன், என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திடீரென்று அவர் வருவது நின்றது. அவரோடு வரும் மற்றச் சாரதியிடம் விசாரித்தேன். "அவர் கொழும்பு ஆஸ்பத்திரியில கிடக்கிறார், அக்கா. எயிட்ஸாம்" என்றார்.

அடுத்த நாளே யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். நோய் இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் டொக்டர், "கிருமி உடனே தெரியாது. மூண்டு மாசத்தால திரும்பவும் வாரும்" என்றார். சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது என்று அவர் விளக்கியும், அந்த மூன்று மாதமும் மகளுக்கு ஒரு வாய் சோறு ஊட்டப் பயந்தேன். இரண்டாம் முறையும் தப்பினேன்.

அண்மையில் ஒருவர் என்னை மணம் முடிக்கக் கேட்டார். "முதல்ல ரெண்டு பேரும் இரத்தம் சோதிப்பம்" என்றேன். கோபித்துக்கொண்டு எழுந்து போனார். நல்ல மனிதர்; மனம் வலித்தது. ஆனாலும் நான் கூப்பிடவில்லை.