ஆடிட்டர் போகும்வரை வலிக்காத கை

ஒரகடத்தில் நான் சேஃப்டி ஆபீசராக இருந்த ஆலையில், முதலுதவி அறை நர்ஸம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வெள்ளைக் கோட்டும் கனத்த ஷூவுமாக இருக்கும் அவர், அடிபட்டு யார் வந்தாலும் முதலில், "லைன் நின்னுடுச்சா?" என்றுதான் கேட்பார். உற்பத்தி லைன் ஓடும்வரை யாருக்கும் வலிக்காது என்பது அவர் அனுபவம்.

பரபரப்பில் மூளை எண்டார்ஃபின் என்ற ரசாயனத்தைச் சுரந்து வலியை மறைத்துவிடும் என்று மாதாமாதம் வகுப்பெடுப்பவன் நான். முன்வரிசையில் உட்கார்ந்து அவர் கொட்டாவி விடுவார்.

சேஃப்டி ஆடிட் அன்று, எங்கள் கையுறையின் உறுதியைக் காட்டுவதற்காக என்னுடையதைக் கழற்றி ஆடிட்டரிடம் கொடுத்தேன். வெறுங்கையைப் பக்கத்தில் அடுக்கியிருந்த இரும்புத் தகட்டின் கூரான விளிம்பில் ஊன்றிக்கொண்டு பாதுகாப்பைப் பற்றி நெடுநேரம் பேசினேன். அவரைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது நர்ஸம்மா மறித்தார்.

"இன்னா சார், கையில ரத்தம் சொட்டிகினு கீது?"

"அட, வலிக்கவே இல்லையே!"

"ஆடிட்டர் போய்ட்டாரா?"

"இன்னும் இல்ல. கார்ல உக்காந்து போன் பேசிக்கிட்டு இருக்கார்."

"அப்ப சீக்கிரம் உள்ள வாங்க."

அவர் ஸ்பிரிட் வைத்துத் துடைக்க, நான் சிரித்தபடி எண்டார்ஃபினை விளக்கிக்கொண்டிருந்தேன். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. உடனே அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஏன் என்று கேட்க வாயைத் திறந்தேன். அலறல்தான் வந்தது.

அது லைன்வரை கேட்காமல் பார்த்துக்கொண்டவரின் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. சிரிப்பை அடக்க எந்த ரசாயனம் சுரக்கிறது என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.