அம்மாவுக்கு வெறி ஏறிய மத்தியானம்

என் அம்மா என் மேல் வைனை ஊற்றினார். கைதவறிச் சிந்தியதல்ல. மேசையிலிருந்த கிளாசை எடுத்து, குறிபார்த்து, முழங்கால்வரை நீண்ட என் வெள்ளைச் சட்டையின் பின்பக்கத்தில் முழுவதையும் ஊற்றினார். எனக்கு அப்போது பதினொரு வயது. அதற்குப் பிறகு வாழ்க்கையில் எத்தனையோ அதிர்ச்சிகள் வந்து போய்விட்டன, ஆனாலும் அதற்குச் சமமாக ஒன்றைச் சொல் என்றால் எனக்குச் சொல்ல வராது.

நாங்கள் எங்கள் ஊரான ஸ்கீவவிலிருந்து ஸ்பெயினுக்குப் போயிருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் அண்ணனான பெரியப்பா, அவர் மனைவி பெரியம்மா. டென்மார்க்கில் கோடை என்ற பெயரில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஜூலை அது. மத்தியதரைக் கடற்கரையில் ஒரு வாரம் வெயில் காயலாம் என்று பெரியப்பாதான் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார். வெளிக்கிடும்போது பெரியம்மாவின் பெட்டியில் றைஸ் குக்கரும் மிளகாய்த்தூளும் போக மிச்ச இடத்தில்தான் உடுப்பு இருந்தது.

நான் ஸ்கீவவில் நீச்சல் கிளப்பில் இருந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்த கடல் காலை வைத்தால் விறைத்துப்போகிற கடல். இந்தக் கடல் வெதுவெதுப்பாக இருந்ததை என்னால் நம்பவே முடியவில்லை. காலையில் இறங்கினால் மத்தியானம்வரை கரையேற மாட்டேன். பெரியம்மா சேலையோடு குடையின் கீழே இருந்து எனக்காகப் பழம் வெட்டி வைப்பார். அவர் அன்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் நான் ஈரத்தோடு வந்து சாப்பிட இருக்கிற நேரமெல்லாம் அம்மாவிடம் ஒரே கதையைத்தான் கதைப்பார். இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் இதெல்லாம், பெரியபிள்ளையானால் நிப்பாட்ட வேண்டும் என்பார். அவருடைய மகளான அக்காவும் நன்றாக நீந்தியவர்தான். பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு நடந்த கிழமையே அவரைக் கிளப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளை நீச்சலுடையோடு நாலு பேருக்கு முன்னால் நிற்கக் கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் எழுதாத சட்டம், அதற்குப் பெரியம்மாதான் நீதவான். அம்மா ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். பழத்தட்டை என் பக்கம் தள்ளிவிடுவார்.

எனக்கு அந்தப் பேச்சு காதில் ஏறவேயில்லை. சாமத்தியவீடு என்றால் அக்கா வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியில் வந்து இறங்கியதும், விதம்விதமாகச் சேலை மாற்றியதும், கழுத்து நிறைய நகை போட்டதும்தான் என் நினைவுக்கு வரும். எனக்கு எப்போது அது கிடைக்கும் என்று இரகசியமாக ஏங்கிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் பஸ்ஸில் ஊர் சுற்றிக் காட்டினார்கள். காலையில் பழைய கோட்டை, பிறகு ஒரு தேவாலயம், மத்தியானம் திராட்சைத் தோட்டத்தில் வைன் சுவைத்தல். எனக்குக் காலையிலிருந்தே அடிவயிறு நோவெடுத்தது. முதல்நாள் சாப்பிட்ட ஒலிவ் காய்களில் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

மரநிழலில் நீளமான மேசை போட்டிருந்தார்கள். வழிகாட்டிப் பெண் கிளாசை எப்படிச் சுழற்றுவது, எப்படி மணப்பது, வாயில் வைத்து எப்படிச் சுவைப்பது என்றெல்லாம் காட்டி, கடைசியில் அதை வாளிக்குள் துப்பவும் செய்தார். பெரியப்பா திடுக்கிட்டுப் போனார்.

“துப்புறதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?” என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு, தன் பங்கை ஒரு துளி மிச்சம் வைக்காமல் விழுங்கினார். அடுத்ததையும் விழுங்கினார். அப்பா அண்ணனுக்கு மரியாதை கொடுத்துக் கொஞ்சம் குறைத்து விழுங்கினார்.

பெரியம்மாவுக்கும் எனக்கும் திராட்சைச் சாறு தந்தார்கள். அம்மாவுக்கு முன்னால் வைத்த சிவப்பு வைன் வைத்தபடியே இருந்தது. அவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். நத்தார் பண்டிகைக்கு அங்கே கொடுக்கும் சொக்கலேற் பெட்டியில்கூட மது கலந்திருக்கிறதா என்று எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அப்படியொரு மனுசி.

படலையடியில் ஒரு நாய் படுத்திருந்தது. அதைத் தடவிப் பார்க்கலாம் என்று எழும்பினேன். பெரியம்மா ஏதோ சொல்ல என் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். அந்தக் கணத்தில்தான் அம்மா கிளாசை எடுத்தார். இடுப்பிலிருந்து கால்வரை குளிர்ந்த வைன் வழிந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். எங்களோடு பஸ்ஸில் வந்த ஜேர்மன்காரர்கள்கூடக் கதையை நிறுத்திவிட்டார்கள்.

“உமக்கென்ன பிடிச்சது? குடிச்சுப்போட்டீரோ?” பெரியம்மா கேட்டார்.

அம்மா வெறும் கிளாசை மேசையில் வைத்தார். “ஓம் அக்கா. கொஞ்சம் கூடிப்போச்சுது.”

அம்மா குடித்திருந்தார் என்பதை நான் அப்படியே நம்பினேன். எனக்குத் தெரியாமல் எப்போது குடித்தார் என்பதுதான் விளங்கவில்லை. அப்பாவின் முகம் கறுத்துச் சுண்டிப்போனது. வழிகாட்டிப் பெண் கறை எடுக்க உப்பையும் கடதாசிகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அம்மா அவரைத் தடுத்து, தன் சால்வையை என் இடுப்பில் சுற்றிக் கழிவறைக்கு இழுத்துக்கொண்டு போனார். குடித்தவருடைய நடையாக அது இருக்கவில்லை.

கதவைப் பூட்டிவிட்டுச் சட்டையின் உள்பக்கத்தைக் காட்டினார். வைனுக்கு அடியில் வேறொரு சிவப்பு இருந்தது. அதைக் கண்டு நான் பயப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை படம் கீறி விளங்கப்படுத்தியிருந்தார். எனக்குச் சந்தோசம்தான் பொங்கியது. குதிரை வண்டி கண்ணுக்குள் ஓடியது. ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொல்லட்டுமா என்று டேனிஷில் கேட்டேன்.

அம்மா என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். “இப்ப இல்லை. நான் சொல்லேக்க சொல்லுவம். அதுவரைக்கும் இது உனக்கும் எனக்கும்தான்.”

ஏன் என்று கேட்டேன். அம்மா கைப்பைக்குள் இருந்து தேவையான எல்லாவற்றையும் எடுத்தார், மாற்று உள்ளாடை உட்பட. எவ்வளவு காலமாக அதைக் காவிக்கொண்டு திரிந்தாரோ தெரியாது. பிறகு சட்டையை அலசத் தொடங்கினார். ஊருக்கெல்லாம் ஒழுங்கு சொல்கிற என் அம்மா, எல்லாருக்கும் முன்னால் பொய் சொல்லிவிட்டு வந்து இப்படி அமைதியாகச் சட்டை அலசுகிறாரே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவுக்குச் செய்த மாதிரி எனக்குச் செய்ய அம்மாவுக்கு மனமில்லை என்று முடிவு கட்டினேன். அழுகை வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. உண்மையாகவே குடித்திருந்த பெரியப்பா குறட்டை விட்டுத் தூங்கினார், அவரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பிறகு வந்த நாட்களில் வயிறு சரியில்லை என்று சொல்லி அம்மா என்னைக் கரையிலேயே இருத்திவைத்திருந்தார். புறப்படும் நாள் காலையில் கடலுக்குள் இறங்கவிட்டார். பெரியம்மா வழக்கம்போலப் பழம் வெட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டிகளைப் பிரிக்கும் முன்பே கதை ஸ்கீவத் தமிழர்கள் எல்லாரிடமும் பரவிவிட்டது. பிறகு எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும், “அவவுக்கு ஜூஸை மட்டும் குடுங்கோ” என்று யாராவது சொல்ல எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார். அப்பா மட்டும் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போவார். எனக்கு அம்மாவை நினைக்க வெட்கமாக இருக்கும்.

மாதத்தில் சில நாட்கள் எனக்குத் தலையிடி என்று அம்மா அறிவித்துவிடுவார். அந்த நாட்களில் நான் கோயிலுக்குப் போகமாட்டேன். பெரியம்மா அந்தத் தலையிடிக்காக மனம் வருந்திக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிடுவார். இல்லாத தலையிடிக்கு நான் அந்தக் கசாயத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். மற்ற நாட்களில் நீந்தினேன். ஓல்போர்க்கில், வைலேயில் என்று வெளியூர்ப் போட்டிகளுக்குப் போனேன். அம்மாதான் காரோட்டி வருவார், வேலை உடுப்போடு மேலே பார்வையாளர் வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்குப் பதின்மூன்று வயது முடிகிற நேரம், நான் இன்னும் பெரியபிள்ளையாகவில்லையே என்று பெரியம்மா கவலைப்படத் தொடங்கினார். பிள்ளையை டொக்டரிடம் காட்ட வேண்டும், தானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நின்றார். அந்தக் கிழமைதான் அம்மா எல்லாருக்கும் போன் எடுத்துச் சந்தோசச் செய்தியைச் சொன்னார். பெரியம்மா போனிலேயே அழுதார். எனக்குக் குதிரை வண்டி கிடைத்தது, சேலைகள் கிடைத்தன, சடங்கின் முதல் தண்ணீரைப் பெரியம்மாவே என் தலையில் வார்த்தார்.

விழா முடிந்த அடுத்த கிழமை, இனி நீச்சல் வேண்டாம் என்று அப்பா சொன்னார். சாப்பாட்டு மேசையில், உப்பு எடுத்துத் தா என்று கேட்கிற குரலில் சொன்னார். அதுவரை அது அக்காவுக்கு நடந்த ஒன்று. எனக்கும் நடக்கும் என்று நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. கோபம் முழுவதும் அம்மா மேல்தான் வந்தது. குசினிக்குள் போய், அவர்களிடம் ஏன் சொன்னீர்கள், பேசாமல் இருந்திருக்கலாமே என்று கத்தினேன்.

அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“இவ்வளவு நாளைக்குத்தான் என்னால ஏலுமாயிருந்தது, பிள்ளை.”

எந்த நாட்களைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.