டிக்கிக்குள் அடைபட்ட பேஸ்

காத்தமுத்துவுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டத்தில், கீழ் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில், அவன் ஒரு வேலையைத் தொடங்கியதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். முடித்ததைப் பார்த்தவர்கள் குறைவு. பால் வெட்டப் போனான், விட்டான். கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நின்றான், அதையும் விட்டான். அவிசாவளையில் புவாட் என்பவனின் கடையில் கார்களுக்குப் பாட்டு செட் பூட்டுகிற வேலையில்தான் ஒருமாதிரித் தரித்தான். அங்கேயும் சோற்றை நின்றுகொண்டுதான் தின்பான். "இவனுக்குக் கால்ல சக்கரம்" என்று அவனைப் பெற்ற கருப்பாயியே சொல்லுவாள்.

அந்த மனுசன் சொந்தமாக ஒரு கார் வாங்கினான் என்றால் லயம் நம்புமா? பழைய கார்தான். பின்னால் நீட்டமாக டிக்கி வைத்த கார். பெண்சாதி மல்லிகா குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பியதில் வந்தது. கல்யாணங்களுக்கும் பயணங்களுக்கும் வாடகைக்கு ஓட்டுவதாகத் திட்டம்.

மல்லிகா அரண்மனை மாதிரி வீட்டில் இருக்கிறாள் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது அந்தக் கதையைப் பரப்பியவள் மாமியார் கருப்பாயி. காத்தமுத்துவுக்கு மட்டும் தெரிந்த கதை வேறு. துணி கழுவுகிற மெஷினுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறாள். முட்டி இரண்டும் வீங்கிப் போயிருக்கிறது. ஒப்பந்தம் முடிவதற்கு முன்னமே வந்துவிடத் துடிக்கிறாள்.

ஆனால் வரப் பயம். மேல் லயத்தில் ஒருத்தி அப்படித்தான் பாதியில் திரும்பி வந்தாள். அவளை 'ஓடி வந்தவ' என்று பேசிப் பேசியே வீட்டுக்குள் முடக்கிப் போட்டார்கள். அதில் முன்னுக்கு நின்று பேசிய வாய் கருப்பாயியுடையது. அதை மல்லிகா மறக்கவில்லை. "கார் ஓடத் தொடங்கட்டும். கையில ஒரு தொழில் இருந்தா தலை நிமிந்து வரலாம்" என்று புருசனிடம் சொல்லியிருந்தாள். ஆக, கார் வீட்டு வாசலில் சும்மா நிற்கிற ஒவ்வொரு நாளும் அவள் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் படுக்கிற நாள். ஏற்கனவே தரிக்காதவன் எப்படித் தரிப்பான்?

லயக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், இதையெல்லாம் போனில் பேசவும் முடியாது. அங்கே நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் 'மருந்து குடிச்சியா' என்று கேட்பார்கள். பிறந்ததிலிருந்து அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்டு வளர்ந்த ஆளுக்கு, அடுத்தவர் காதுக்கு எட்டாத ஓர் இடம் வேண்டும் என்பது பெரிய ஆசை. கார் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தான். பின் சீட்டுக்குப் பின்னால் தடித்த ஸ்பொன்ஜ், அதற்கு மேலே ரெக்ஸின், பின் கண்ணாடிக்குக் கீழே இரண்டு ஸ்பீக்கர் பூட்டியிருக்கிற தட்டுக்கு அடியிலும் இன்னொரு ஸ்பொன்ஜ். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு நாய் குரைப்பதுகூட எங்கேயோ தூரத்தில் கேட்டது. மல்லிகாவோடு அங்கே உட்கார்ந்துதான் பேசினான். அந்த நேரம் மட்டும் அவன் கால் ஆடாமல் இருக்கும்.

அதற்குப் பிறகு டிக்கிக்குள் அடிச்சத்தம் இடிக்கிற பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டியைப் பூட்டினான். வாடகைக் கார் பிடித்துக் கொடுக்கிற ஹில்மி சொன்ன ஒரே நிபந்தனை அது. கல்யாணப் பொடியன்களுக்குப் பாட்டு நெஞ்சில் இடிக்க வேண்டுமாம். ஹில்மி வந்து பின் சீட்டில் சாய்ந்தான். காத்தமுத்து சத்தத்தைக் கூட்டினான். டிக்கி மூடி அதிர்ந்தது, நம்பர் பிளேட் கடகடத்தது, மேல் லயத்துப் பிள்ளைகள் இறங்கி ஓடி வந்து ஆடினார்கள். பின் சீட்டில் இருந்த ஹில்மியின் நெஞ்சில் ஒன்றும் இடிக்கவில்லை.

"என்ன அண்ணே, மாப்பிள்ளை டிக்கிக்குள்ளயா போறது?" என்றான். "ஊருக்கே கேக்குது, எனக்குத்தான் கேக்கல. இத சரி பண்ணுங்க, அடுத்த கல்யாணத்துக்கே போட்டுருவம்."

காத்தமுத்துவுக்கு அவமானமாக இருந்தது. ஊரான் காருக்கெல்லாம் பூட்டினவனுக்குத் தன் காரில் பிழை தெரியவில்லை. பெட்டியை முன்னுக்குத் திருப்பினான், பின்னுக்குத் திருப்பினான், சத்தத்தை இன்னும் கூட்டினான். நம்பர் பிளேட்டின் ஓர் ஆணி கழன்று விழுந்ததுதான் மிச்சம். புவாட்டுக்குப் போன் போட்டான்.

"சீட்டுக்குப் பின்னால என்ன வச்சிருக்கிறாய் மச்சான்?" என்று கேட்டான் புவாட்.

"ஸ்பொன்ஜ்."

புவாட் சிரித்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "டிக்கி ஒரு மூடின காம்பிரா மாதிரி. அதுல நீ ஒரு சுவரும் கட்டிப் போட்டாய். சத்தம் எப்பிடி வரும்? எல்லாத்தையும் கழட்டு. தட்டுல இருக்கிற ரெண்டு ஸ்பீக்கரையும் எடுத்திரு, அந்த ஓட்டையால பேஸ் உள்ளுக்கு ஏறும். இரும்ப மட்டும் வெட்டிராத, கார் பலம் போயிரும். வெளங்குதா, ஹரியா?"

"ஹரி" என்றான் காத்தமுத்து. ஆனால் கை உடனே போகவில்லை. உலகத்திலேயே தனக்கென்று கிடைத்த ஒரேயொரு மூடின அறையைத் தன் கையாலேயே ஓட்டை போடுவதா? பிறகு மல்லிகாவின் முட்டியை நினைத்தான். ரெக்ஸினைக் கிழித்தான்.

ஸ்பொன்ஜ் எல்லாம் வாசலில் குவிந்தது. தட்டிலிருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் கழற்றினான். அவற்றின் வயர்களைக் கழற்ற அவனுக்குப் பொறுமை இல்லை. அப்படியே டிக்கிக்குள் ஒரு பழைய சாக்கின் மேல் மல்லாக்கப் போட்டான். டிக்கியைத் திறந்தபடியே விட்டுவிட்டு முன் சீட்டுக்கு ஓடி, கதவை இழுத்துச் சாத்திப் பாட்டைப் போட்டான். பேஸ் வந்தது. முதுகுப் பக்கத்து ஓட்டைகளால் ஏறி, சீட்டைப் பிடித்து, விலா எலும்புக்குள் வந்து இடித்தது. கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்று போன் அடித்தது. சாவியைத் திருப்பினாலே போன் செட்டோடு சேர்ந்துகொள்ளும். அதையும் மறந்தான், கூட்டின சத்தத்தைக் குறைக்கவும் மறந்தான். எடுத்தான்.

"ஏங்க, காரு சரியாயிருச்சா?" மல்லிகாவின் குரல் காரை நிறைத்தது. "வீட்டம்மா வெளிய போயிருக்காங்க. என்னால முடியலங்க. முட்டி மடங்கவே மாட்டேங்குது. இன்னமும் அந்த மெஷினுகிட்டதான் படுக்கிறேன். எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு மிஞ்சினாத்தான் எனக்குச் சோறு."

"சரியாயிருச்சு மல்லிகா. இப்பத்தான்..."

"மாமிக்கு மட்டும் சொல்லிராதீங்க. அரண்மனையில இருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க. ஓடி வந்தவன்னு பேரெடுத்துக்கிட்டு அவங்க மொகத்துல நான் எப்பிடிங்க முழிக்கிறது?"

அழத் தொடங்கினாள். அப்போதுதான் காத்தமுத்து பக்கத்துக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். பீலிக்கரையில் குடங்கள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. பெண்கள் யாரும் அவற்றைத் தூக்கவில்லை. எல்லாரும் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டிக்கிக்குள் மல்லாந்து கிடந்த இரண்டு ஸ்பீக்கரும் அவனுக்கு ஞாபகம் வந்தன. அவன் பெண்சாதியின் அழுகை கீழ் லயம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

கை செட்டுக்குப் பாய்ந்தது. அதற்குள் முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. திறந்த டிக்கிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு யாரோ பேசினார்கள்; பேஸுக்காக அவன் விட்ட வழியால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக உள்ளே வந்தது.

"ஏம்மா மல்லிகா. நாந்தான்."

போனில் அழுகை நின்றது. "யாருங்க அது? மாமியா?"

காத்தமுத்துவின் கை செட்டுக்கும் மடிக்கும் நடுவில் அப்படியே நின்றது. கருப்பாயி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு மறுபடியும் தலையை நுழைக்கிற சத்தம் கேட்டது.

"காரு ஓடுதோ ஓடலியோ, நீ மொதல்ல கெளம்பி வா."

மல்லிகா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"திட்ட மாட்டீங்களே மாமி?"

"வந்தாத்தானடி திட்டுறதுக்கு" என்றாள் கருப்பாயி.